பசிக்க ஆசைப்பட்ட அக்கா

திருப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருத்தி மேல் எனக்குக் கோபம் வந்தது. காரணம், இட்லி.

எண்பதுகளின் கடைசி அது. தெக்கத்திப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கி, மண்ணரையில் ஒரு அறை பிடித்து, வெறும் டீயைக் குடித்துவிட்டு பனியன் கம்பெனிக்கு ஓடியிருந்தேன். செக்கிங் டேபிளில் என்னை நிறுத்தி, பீஸைப் பிரித்துப் போட்டு, இது ஓட்டை, இது எண்ணெய்க் கறை, இது தையல் விட்டது என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இடைவேளைக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. அப்போது எனக்கு எதிரே நின்ற பெண் கையிலிருந்த பீஸை மடித்து வைத்தாள். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். துணி மூட்டை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூக்குப் போசியைத் திறந்து, பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியைச் சாவகாசமாகத் தின்ன ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மனிதர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அதைத் திருகிச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

முதலாளிக்குச் சொந்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வயிறு எரிந்தது. நாங்கள் எல்லோரும் நிற்கிறோம், மகாராணி தின்கிறாள்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏங் கண்ணு, பசிக்குதா?"

"இல்ல" என்றேன் ரோஷமாக. அந்த நேரம் பார்த்து என் வயிறு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தித் தொலைத்தது.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கேலியே இல்லை அதில். குழந்தை முதல் முதலாகப் பேசினால் ஒரு தாய் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். "அட, சத்தம் போடுதே! எப்படி இருக்குதுங் கண்ணு? மேல் வயித்துலயா, அடி வயித்துலயா? இழுக்குதா, எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

யாத்தே, இதென்ன கிறுக்கு என்று நினைத்தேன். அந்தக் கிறுக்கோடு பத்து வருடத்துக்கு மேல் ஒரே டேபிளில் நின்றேன். இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காரும்போது அவள் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

பெயர் வேண்டாம். கம்பெனியில் அவளைக் கடிகாரக்கா என்பார்கள். கம்பெனிச் சங்கு முன்னேபின்னே ஊதும், அக்காவின் தூக்குப் போசி தப்பாது. எனக்கு வெறும் அக்கா.

அக்கா கொமரலிங்கத்துப் பக்கம் பிறந்தவள். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே அடியோடு நின்றுபோகிற வகை. மாத்திரைக்கெல்லாம் மசியாது, ஊசியாகத்தான் போட்டாக வேண்டும். அந்தக் காலத்தில் கண்ணாடி ஊசி. அவள் வீட்டுக்காரருக்கு அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை. ஊசியை வேகவைப்பதற்கென்றே மூடி போட்ட ஒரு சின்னப் பித்தளைச் சட்டி அடித்துக் கொடுத்திருந்தார். மருந்துக் குப்பியை ஈர மணல் நிரப்பிய பானைக்குள் வைத்திருப்பாள். காலையில் ஒரு ஊசி, பொழுது சாய ஒரு ஊசி. போட்டுவிட்டால் அது பாட்டுக்கு மணிக்கணக்கில் உள்ளே வேலை செய்யும். நிறுத்து என்றால் நிற்காது. அது வேலை செய்கிற நேரத்தில் வயிற்றில் சோறு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, ஆளே விழுந்துவிடும்.

அக்கா இதை எனக்கு விளக்கிய விதமே தனி.

"ஊசி போட்டாச்சுன்னா விருந்துக்கு ஒறம்பரை ஊட்டுக்குள்ள வந்தாச்சுன்னு அர்த்தங் கண்ணு. நமக்கு முடியுதோ முடியலையோ, எலை போட்டுச் சோறு போட்டே ஆகோணும். போடாட்டி நம்மளையே தின்னுபோட்டுத்தான் போவாங்க."

"அப்ப உங்களுக்குப் பசிக்கவே பசிக்காதாக்கா?"

"பசிக்கறதுக்கு எங்க உடறாங்க? அதுக்குள்ளாறதான் அடுத்த வேளை வந்துருதே. சக்கரை எறங்குனா ஒரு வெறி வரும் பாரு, அரிசி மூட்டையவே திங்கலாம்னு. அது பசியில்ல சாமி, பேய். இந்த மெதுவா, கம்முனு, ‘எப்பப் போடறே’ன்னு வயிறு கூப்புடுமாமே, அத நான் பார்த்த ஞாபகமே இல்ல."

இதுதான் அக்கா. ஊரெல்லாம் பசி தீர வேண்டும் என்று உழைத்துக்கொண்டிருந்தபோது, பசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே பிறவி அவள்தான். மத்தியானச் சங்கு ஊதினால் நாங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடுவோம். அக்கா ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருப்பாள். ஆனாலும் வந்து உட்காருவாள். நாங்கள் அள்ளி அள்ளி விழுங்குவதை சினிமா பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பாள். "மொதல் வாய் எப்படி இருந்துச்சு?" என்பாள். வேறு யாராவது அப்படி உட்கார்ந்து பார்த்தால் கண் பட்டுவிடும் என்று திரும்பிக்கொள்வோம். அக்கா பார்த்தால் இன்னும் இரண்டு கவளம் கூட இறங்கும்.

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். தபசு காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம்வரை ஒன்றும் சாப்பிட மாட்டேன். அந்த வெள்ளிக்கிழமைகளில் என் பின்னாலேயே சுற்றுவாள். "இப்ப எப்படி இருக்குது? இப்ப?" ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன்: "ஆண்டவரை நெனைக்க விடுங்கக்கா! பாடா படுத்துதீங்களே!" அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சற்றுநேரம் கழித்து மெதுவாக, "கோவமும் வருமாட்ட இருக்குது" என்றாள்.

கடிகாரத்துக்குச் சாப்பிடுகிறவளுக்கு இடம் பொருள் பார்க்க முடியாது. அக்கா தன் கல்யாணத்திலேயே தாலி ஏறுவதற்கு முன், பட்டுச்சேலையோடு மணவறையில் உட்கார்ந்து இரண்டு வாழைப்பழம் தின்றவள். பஸ்ஸில் தின்பாள், கோயில் வரிசையில் தின்பாள். ஒருமுறை சொந்தத்தில் ஒரு சாவு. பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா வாசல் வேப்பமரத்தடியில் எலுமிச்சைச் சோற்றைப் பிரித்துவிட்டாள். ஒரு பெரியவர், "ஏம்மிணி, சித்த நேரம் பொறுக்கமாட்டியா?" என்று சத்தம் போட்டாராம். அக்காவின் மாமியார், ஒடிசலான மனுஷி, எழுந்து வந்து இடுப்பில் கை வைத்துச் சொன்னாராம்: "செத்தவிங்க ஒருத்தர் போதுமுங். என்ற மருமகளையும் சேர்த்து எடுத்துட்டுப் போறீங்களா? அவ திங்கட்டும், நீங்க அழுவுங்க!"

அந்த மாமியார் இடுப்பில் எப்போதும் வெல்லக்கட்டி முடிந்திருக்கும். மருமகள் கொஞ்சம் கண் சொருகினால் போதும், கேள்வியே கிடையாது, வாயைத் திறந்து உள்ளே தள்ளிவிடுவார். எங்கள் செக்கிங் செக்‌ஷன் முழுவதையும் அவர் அப்படியே பழக்கிவைத்திருந்தார். எங்கள் எல்லோர் பையிலும் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்காவுக்கு மனசு பொக்கென்று போகும். வருடா வருடம் மாரியம்மன் சாட்டுத் திருவிழாவில் தெருப் பெண்கள் எல்லோரும் முதல் நாள் இரவிலிருந்து விரதம் இருந்து மாவிளக்கு எடுப்பார்கள். பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து, குழித்து, நெய்விட்டுத் திரி ஏற்றி, தட்டில் வைத்துக்கொண்டு ஜமாப் மேளத்துக்குப் பின்னால் கோயிலுக்குப் போவது. அக்காவை யாரும் தடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டே எடு, ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று மாமியாரே சொல்லிப் பார்த்துவிட்டார். அக்காதான் மாட்டேன் என்பாள்.

"வவுறு நெம்பத் தின்னுபோட்டு எடுத்தா அது மாவிளக்கு இல்லீங் அத்தை. வெறும் மாவு."

மற்றவர்கள் தட்டோடு போக, இவள் எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருப்பாள். சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். எனக்குத்தான் பார்க்கச் சகிக்காது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, தொண்ணூறுகளின் பாதி தாண்டி, எங்கள் கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்தார். துணி வாங்குகிறவர்கள் சார்பில் தரம் பார்க்க வந்தவர். தென்னை மாதிரி உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. எங்கள் டேபிளில் நின்று பீஸ் பீஸாகப் பிரித்துப் பார்த்தார். மத்தியானச் சங்கு ஊதியது. அவர் அசையவில்லை. முதலாளி வந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பிறகு பிறகு என்று கையாட்டிவிட்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் பெல்ட்டில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டப்பா. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று சட்டைக்குள் போனது.

அக்கா பீஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் தம்பியைக் கூப்பிட்டு, "அது என்னன்னு கேளுங்க தம்பி" என்றாள். தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். பதில் வந்ததும் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "இன்சுலினாம்க்கா. அவங்களுக்கும் உங்களுக்கு இருக்கற அதே சுகராம்."

அடுத்த நிமிடம் அக்கா அந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பாத்ரூமுக்குள் போய்விட்டாள். நானும் பின்னால் ஓடினேன். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் சட்டையைத் தூக்கி, குழாய் வயிற்றில் முடிகிற இடத்தில் ஒட்டியிருந்த சின்ன வட்டத்தைக் காட்டினார். இவள் சேலையை விலக்கி, வருடக்கணக்கான ஊசியில் கட்டிதட்டிப்போன தன் தொடையைக் காட்டினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் அந்தம்மாள் துணிக்குக் குறி போடும் சாக்பீஸை எடுத்து டேபிளில் படம் போட்டார். முதலில் ஒரு டப்பா. அதற்குப் பக்கத்தில் புள்ளி, புள்ளி, புள்ளி என்று வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. தட்டின் பக்கத்தில் மட்டும் பெரிய சொட்டு ஒன்று. டப்பாவின் பொத்தானை அமுக்குவது போலக் காட்டி அந்தப் பெரிய சொட்டைத் தொட்டார். அதாவது, சின்னப் புள்ளிகள் இரவும் பகலும் தானாக விழுந்துகொண்டே இருக்கும். உடம்பு சும்மா இருப்பதற்கே கொஞ்சம் இன்சுலின் வேண்டுமே, அதற்கு. பெரிய சொட்டு சாப்பாட்டுக்கு. சாப்பிடும்போது நாம் பொத்தானை அமுக்கினால்தான் வரும். பிறகு அவர் விரலால் தட்டை அழித்தார். கூடவே பெரிய சொட்டையும் அழித்தார். சின்னப் புள்ளிகள் அப்படியே இருந்தன.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "பார்த்தியாங் கண்ணு! தட்ட அழிச்சா சொட்டும் அழிஞ்சு போச்சு! அப்ப சாப்புடாட்டிப் போச்சாது, ஒண்ணும் ஆகாது! மணி என்னாச்சு, இன்னும் இவிங்க சாப்புடாம நிக்கறாங்க பாரு, கல்லாட்ட!"

அக்காவுக்கு அந்த மெஷின் மேல் ஆசை இல்லை. அந்தம்மாள் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நிமிர்ந்து நின்றாரே, அதன் மேல்தான் ஆசை.

அடுத்த தடவை வரும்போது அந்தம்மாள் தனக்குப் புது பம்ப் வந்துவிட்டதென்று, நல்ல நிலையில் இருந்த பழையதைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு பெட்டி நிறையக் குழாய்கள், மருந்து நிரப்புகிற சிறு குப்பிகள். விரலைக் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற மீட்டர் ஒன்றும் இருந்தது. அக்கா கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்: "எனக்கும் ஷிப்மெண்ட் வந்துருச்சு!"

கோயமுத்தூரில் ஒரு டாக்டர். பழைய மெஷின் என்றதும் முகத்தைச் சுளித்தார். அதைத் தன்னிடமே வாங்கி வைத்துக்கொண்டு நன்றாகச் சோதித்த பிறகுதான் சரி என்றார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பழக்கினார். குப்பியில் இன்சுலினை நிரப்பும்போது காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. வயிற்றில் செருகுகிற சின்னக் குழாயை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போட வேண்டும். மெஷின் சூடாகக் கூடாது, மருந்து கெட்டுவிடும். அதனால் அயர்னிங் செக்‌ஷன் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

"இது உங்க சர்க்கரையப் பார்த்துத் தானா மருந்து விடும்னு நெனைச்சுக்காதீங்கம்மா. இதுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க விரலக் குத்திப் பார்க்கணும், என்ன சாப்பிடறீங்கன்னு கணக்குப் போட்டு நீங்கதான் அதுக்குச் சொல்லணும்."

அக்கா அசரவில்லை. "செரிங் டாக்டர். ஓவர்லாக் மிசின் கூடத் தானா தைக்காதுங். நாமதான ஓட்டோணும்."

எங்கள் டெய்லர் ஒருவர் கழுத்துப் பட்டிக்கு வெட்டி மிஞ்சிய ரிப் துணியில் அந்த டப்பாவுக்கு உறை தைத்துக் கொடுத்தார். எந்த ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறத்தில் உறை. பார்த்தவர்கள் எல்லோரும் பேஜர் என்றே நினைத்தார்கள். அப்போது முதலாளிமார் இடுப்பில் மட்டும்தான் பேஜர் இருக்கும். பஸ்ஸில் ஒருவர் மரியாதையாக எழுந்து இடம்விட்டு, "மெசேஜ் ஏதும் வந்துச்சுங்களா?" என்று கேட்டார். அக்கா குனிந்து பார்த்து, "வந்துச்சுங். ரெண்டு தோசைக்கு மேல திங்காதேன்னு வந்துருக்குது" என்றாள்.

எல்லாமே சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஒருநாள் சேலைக் கொசுவத்தைச் செருகும்போது குழாயும் சேர்ந்து மடங்கிக்கொண்டது. மருந்து இறங்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. பழைய ஊசியாவது உடம்பில் கொஞ்சம் தங்கியிருக்கும். பம்ப் மருந்து சொட்டுச் சொட்டாக வருவது; நின்றால் நின்றதுதான், கொஞ்ச நேரத்திலேயே சர்க்கரை ஏறிவிடும். அக்கா வாந்தி எடுத்து, மூச்சு வாங்கினாள். நல்ல வேளை, அவசரத்துக்கு வைத்திருந்த ஊசியைப் போட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வந்தவள் முதலில் சொன்னது, "இனிமேல் கொசுவத்த எடக்கைப் பக்கம் செருகிக்கறனுங் அத்தை" என்பதுதான்.

அப்புறம்தான் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். தானாக விழுகிற அந்தச் சின்னப் புள்ளிகள் அக்காவின் உடம்புக்குச் சரியான அளவில்தான் விழுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான் உண்டாம்.

"ஒரு வேளை சாப்பிடாம இருந்து பாருங்க. அப்பப்ப குத்திப் பாருங்க. சர்க்கரை ஏறாம எறங்காம ஒரே மட்டத்துல நின்னா அளவு சரி."

அக்கா அவரையே பார்த்தாள். "என்ன சொன்னீங் டாக்டர்?"

"சாப்பிடாதீங்கன்னு சொன்னேன்."

நினைவு தெரிந்த நாளிலிருந்து சாப்பிடு, சாப்பிட்டாயா, சாப்பிட்டாயிற்றா என்பதைத் தவிர வேறொன்றும் கேட்காத பெண். டாக்டர் மேஜை மேல் கவிழ்ந்து ஓவென்று அழுதாள். டாக்டர் பயந்து என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சார், சந்தோசம்" என்றேன். எனக்கும் கண்ணில் தண்ணீர்தான்.

ஆனால் பசி அவ்வளவு லேசில் வரவில்லை. முதல் தடவை காலைச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தபோது, வயிறு வாயைத் திறப்பதற்குள் சர்க்கரை இறங்கிவிட்டது. மாமியார் வெல்லத்தோடு தயாராக நின்றார். டாக்டர் அளவைக் குறைத்தார். அடுத்த தடவை கொஞ்சம்தான் தாங்கியது. மறுபடி குறைத்தார். மூன்றாவது தடவைக்கு அக்காவே ஒரு நாளைச் சொன்னாள். மாரியம்மன் சாட்டு.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வீட்ல உக்காந்து செய்ய வேண்டியதும்மா இது. நடந்தா சர்க்கரை எறங்கும்."

"அதுக்குத் தகுந்தாப்பல கொறைச்சு வெச்சுக் குடுங்க சாமி. கூட இவ மீட்டரோட வருவா."

கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு கண்டிப்போடு. "எண்பதுக்குக் கீழ காட்டுச்சுன்னா விரதமும் வேண்டாம், வெளக்கும் வேண்டாம். நடுரோடானாலும் சர்க்கரைய வாயில போடணும். சத்தியமா?"

"சத்தியமுங்" என்றாள் அக்கா. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எறங்கிறக் கூடாதுங் கண்ணு. இந்த ஒரு வருசம். இந்த ஒரு தடவை."

சாட்டு அன்று காலையில் போனேன். அக்கா மஞ்சள் சேலை கட்டி, தலைக்குக் குளித்து, தன் கையாலேயே மாவு பிசைந்து மாவிளக்கு வைத்திருந்தாள். பம்புக்கு மஞ்சள் ரிப்பில் உறை. குத்திப் பார்த்தோம், நன்றாக இருந்தது. ஜமாப்காரர்கள் வரத் தாமதம். பங்குனி வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு வழியாக அடி கிளம்பி ஊர்வலம் நகர்ந்தபோது உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

மாமியார் செய்திருந்த வேலை அப்போதுதான் தெரிந்தது. தெருத் தெருவாகப் போய், "எங்க அம்மிணி சித்தத் தள்ளாடுனாலும் வாயில போட்டுருங்க சாமி" என்று சொல்லிவைத்திருக்கிறார். எங்கள் செக்‌ஷன் பெண்கள் கையில் ஆரஞ்சு மிட்டாய். பக்கத்து வீட்டுக்காரி முந்தானையில் அஸ்கா சர்க்கரை. எதிர்வீட்டு அம்மாள் கையில் கரும்புச்சாறே இருந்தது. அக்காவைச் சுற்றி ஒரு இனிப்புப் படை நடந்தது.

கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அக்கா லேசாகத் தள்ளாடினாள். அவ்வளவுதான். நாலு பக்கமிருந்தும் கை நீண்டது. "வாயத் தொற அம்மிணி!" "அக்கா, மிட்டாய்க்கா!" அக்காவின் இரண்டு கையிலும் தட்டு. தள்ளிவிடக் கை இல்லை. உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே என்னைத் தேடினாள். அந்தக் கண்ணை என்னால் மறக்க முடியாது.

நான் முண்டியடித்து உள்ளே புகுந்தேன். "ஏட்டி, ஒருத்தியும் தொடப்பிடாது! மொதல்ல மீட்டர் சொல்லட்டும்!" என்று போட்ட சத்தத்தில் ஜமாப்பே நின்றுவிட்டது.

தட்டைப் பிடித்தபடியே அக்கா ஒரு விரலை நீட்டினாள். குத்தி, ரத்தத்தை மீட்டரின் தாளில் வைத்தேன். அந்த மீட்டர் பதில் சொல்ல ஒரு நிமிடம்போல ஆகும். நீட்டிய மிட்டாயை ஒருத்தியும் இறக்கவில்லை.

முந்நூறைத் தாண்டிக் காட்டியது.

இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. குழாய் மறுபடி அடைத்துக்கொண்டதா? மருந்து நின்றுவிட்டதா? அப்படியென்றால் இப்போதே வீட்டுக்குப் போய் ஊசி போட்டாக வேண்டும். நான் சொல்லாமலே அக்கா என் முகத்தில் படித்துவிட்டாள். "செரி கண்ணு, போலாம்" என்றாள். தட்டை மாமியாரிடம் நீட்டினாள்.

அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் மாவு. தட்டில் விளக்கு சரியச் சரிய வழியெல்லாம் அதை அமுக்கி அமுக்கிச் சரிசெய்துகொண்டே வந்திருக்கிறாள். விரல் முழுக்க வெல்லம் பிசுபிசு என்று ஒட்டியிருந்தது. மீட்டர் பாவம் என்ன செய்யும்? ஆத்தாவுக்கு வைத்த வெல்லத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறது.

"தண்ணி! தண்ணி குடுங்க!" என்று கத்தினேன். யாரிடமும் தண்ணீர் இல்லை. எல்லோரும் மிட்டாயோடு வந்திருந்தார்களே! முன்னால் தீர்த்தக்குடம் எடுத்துப்போன ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். ஆத்தா தலையில் ஊற்றக் கொண்டுபோகிற தண்ணீர். ஒரு கணம் யோசித்தார், பிறகு தானாகவே குடத்தைச் சாய்த்தார். "புடி கண்ணு. ஆத்தா ஒண்ணுஞ் சொல்லமாட்டா."

அக்காவின் கையை நன்றாகக் கழுவி, என் முந்தானையில் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். மறுபடியும் அந்த ஒரு நிமிடம். மாமியார் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நானும் மாதாவைக் கூப்பிட்டேன்.

நூற்றுப் பதினொன்று.

"நூத்திப் பதினொண்ணுக்கா! ஒண்ணுமே இல்ல! எல்லாம் சரியா இருக்கு!"

அக்கா நம்பவில்லை. "அப்பறம் இது என்னங் கண்ணு? கையெல்லாம் லேசா இருக்குது. நடுக்கமில்ல, வேர்வை வெயிலுக்குத்தான். ஆனா வவுத்துக்குள்ள என்னமோ இழுக்குது. ஆரோ உள்ளார உக்காந்துட்டு மெதுவாக் கூப்புடறாப்பல…"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "யக்கா, அதுதான் பசி. வெறும் பசிக்கா!"

அக்கா அப்படியே நின்றாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பிறகு தெரு அதிரக் கத்தினாள்: "அத்தை! எனக்குப் பசிக்குதுங்!"

மாமியார் போட்டார் பாருங்கள் ஒரு குலவை! அதைப் பிடித்துக்கொண்டு தெருவே குலவை போட்டது. ஜமாப் பிய்த்து உதறியது. அக்கா தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பசிக்குது பசிக்குது என்று சொல்லிக்கொண்டே கோயிலுக்குள் போனாள். ஆத்தாவிடம் அதையேதான் சொல்லியிருப்பாள்.

பூஜை முடிந்து கோயில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். மாமியார் இலை போட்டு, மாவிளக்கைப் பிட்டு வைத்து, கட்டிக்கொண்டுவந்த சோற்றையும் வைத்தார். நான் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்லி, "பொத்தானை அமுக்கிட்டுச் சாப்பிடுங்கக்கா, மணி என்ன ஆகுது" என்றேன்.

அக்கா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"இருங் கண்ணு," என்றாள். "இன்னுஞ் சித்த நேரம் பசிச்சுட்டுப் போவட்டும்."